அசையாதீர்கள்

திங்கள் முதல் வெள்ளி வரை
மெஷிட்சா கடைத்தெருவில் எனக்கு ஒரே வசனம்:
தாடையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். அசையாதீர்கள்.
பாஸ்போர்ட்டுக்கு, ஓட்டுநர் உரிமத்துக்கு,
எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் வேலை கிடைத்தவர்களுக்கு.
என் வெள்ளைத் திரையின் முன்னால்
இந்தப் பள்ளத்தாக்கே ஒருமுறை மூச்சடக்கியிருக்கிறது.

சனிக்கிழமை பெட்சா மலைக்குப் போவேன்,
சைக்கிள்கள் இறங்கும் தடத்துக்கு.

முதல் வருடம் முழுக்க
நொடியை ஆயிரத்து அறுநூறாக நறுக்கி
ஒரு துண்டை எடுத்து வந்தேன்.
எல்லாம் துல்லியம். பிரேக் கம்பியின் புரி தெரியும்,
முழங்கால் கவசத்தில் ஒட்டிய ஊசியிலை தெரியும்.
யெர்னேயா பார்த்தாள். தபால் வண்டி ஓட்டுகிறவள்,
வாரத்தில் ஐந்து நாள் நிதானத்துக்குச் சம்பளம் வாங்குகிறவள்.
முன் சக்கரத்தின் கம்பிகளை விரல் வைத்து எண்ணினாள்,
சத்தமாக, முப்பத்திரண்டு வரை.
"எண்ண முடிகிறதென்றால்
நான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன்?
என் பாஸ்போர்ட் படத்தைக்
காட்டில் ஒட்டி வைத்திருக்கிறாய்."

அவள் அண்ணன் ஓஷ்பேய்க்கு வேறு குறை.
சரிவு எங்கே?
நின்று பார்த்தாலே குதிகால் கூசுகிற இறக்கம்,
படத்தில் கால்பந்து மைதானம்.
குற்றம் என்னுடையது. வசதியாக நிற்க
மலை சாய்ந்த பக்கமே காமிராவையும் சாய்த்திருந்தேன்.
இப்போது முதலில் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தைத் தேடுகிறேன்.
தூக்குக்குண்டு நூல்போல
அதைச் சட்டத்தின் ஓரத்தில் நேராக நிறுத்திவிட்டால்
பிறகு மண் தானாகச் சரிகிறது.

வேகத்துக்கு அப்படி ஒரு மரம் இல்லை.

மாலையில் கடையைச் சாத்திவிட்டு
ரவ்னே போகும் பேருந்தை வைத்துப் பழகினேன்.
கால் ஊன்றி, இடுப்பை மட்டும் திருப்பி,
வருமுன்பே திரும்பத் தொடங்கி,
போன பின்பும் திரும்பிக்கொண்டு.
ஓட்டுநர் ஆறு நாள் கையசைத்தார்.
ஏழாம் நாள் பார்க்காததுபோல் போய்விட்டார்.
பொத்தானை எப்போது அழுத்துகிறேன் என்று
யோசிக்கிற வரை எதுவும் தேறவில்லை.
தும்மல்போல வர வேண்டும் அது.

இப்போது நொடியை நாற்பதாகத்தான் வெட்டுகிறேன்.
பழைய துண்டில் அவள் ஒரு நெல்லளவுகூட நகர்ந்ததில்லை.
இதில் ஒரு சாண் போய்விடுகிறாள்.
அந்த ஒரு சாணுக்கு நானும் கூடவே போக வேண்டும்,
நின்ற இடத்திலிருந்து.

அக்டோபர் கடைசி, தூறல்,
காலணிக்குள் தண்ணீர்.
இருநூறு படத்தில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது கஞ்சி.
மிஞ்சிய ஒன்றில்
மரங்கள் ஈரத் துணி இழுத்ததுபோல் போயிருந்தன,
சக்கரம் ஒரு சாம்பல் வட்டம்,
கைகள்கூடக் கைகளாக இல்லை.
சேறு தெறித்த கண்ணாடிக்குப் பின்னால்
கண்கள் மட்டும் பிடிபட்டிருந்தன.
அவை என்னைப் பார்க்கவில்லை,
முன் சக்கரத்தைப் பார்க்கவில்லை,
சட்டத்துக்கு வெளியே
இன்னும் வராத ஒரு வளைவில் இருந்தன.

பெரிதாக அச்சடித்துத் தபால் நிலையத்துக்கே கொண்டுபோனேன்.
பார்சல்களை ஒதுக்கி மேசையில் விரித்தாள்.
வெகுநேரம் பார்த்தாள். பாராட்டு வரும் என்று
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இடது பக்கம் ஒரு வேர் இருக்குமே,
முழங்கை மடக்கினது மாதிரி?"
கலங்கிய பழுப்பில் தேடினேன். இல்லை.
வேகத்தோடு சேர்த்து அதையும் துடைத்துவிட்டிருந்தேன்.
"அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்," என்றாள்.
"பார்த்தால் அதன் மேலேயே போய் விழுவோம்.
அதைப் பார்க்காமலிருக்கத்தான்
அங்கே பார்த்தேன்."

படத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டாள், அது வேறு விஷயம்.

அடுத்த சனி
வேருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
வழுவழுப்பு, ஈரம், ஓரத்தில் யாருடைய டயரோ கீறிய வெள்ளை.
அது ஒன்றுதான் இந்த மலையில்
நான் சொல்லாமலே அசையாமல் இருக்கிறது.
மேலே விசில் கேட்கிறது.
நாற்பதா, நூறா,
இன்னும் முடிவு செய்யவில்லை.